கும்லா சபையோட பங்காளி ஆகுறது: ஒப்பந்தத்துல என்ன எழுதணும்?

#1 இரணியல் செயலர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபையில மிஷன் கமிட்டிக்கு நான் செயலர். (சபை பேரு வேண்டாம், பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் இங்க வாசிக்கிறாவ.) ஜார்க்கண்ட்ல கும்லா மாவட்டத்துல ஒரு கிராமச் சபையைத் தாங்கணும்னு ஒரு வருஷமா பேச்சு. போன பிப்ரவரியில நாங்க அஞ்சு பேர் போய் 6 நாள் தங்கிட்டு வந்தோம். ஒராவோன் மக்கள், குடுக் மொழி பேசுறவங்க. ரொம்ப எளிமையான சனம்.

அடுத்த மாசம் கமிட்டியில ஒப்பந்தம் பாஸ் பண்ணணும். நான் எழுதின வரைவு இப்படி: மாசம் 15,000 ரூபாய் அனுப்புவோம். அதுல உள்ளூர் ஊழியர் ஒருத்தருக்குச் சம்பளம், மிச்சம் கோயில் கட்ட. 5-ஆம் தேதிக்குள்ள போட்டோவோட ரிப்போர்ட் வரணும். புதுசா எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கை வேணும். வாசல்ல எங்க சபை பேரு போட்ட கல்வெட்டு. வருஷம் ஒருக்கா எங்க குழு போய்ப் பார்க்கும். மூணு மாசம் ரிப்போர்ட் வரலன்னா பணம் நின்னுரும்.

விட்டுப்போனது எதும் உண்டுன்னா அனுபவம் உள்ளவங்க சொல்லணும். மஸ்கட்ல உள்ளவங்க, லண்டன்ல உள்ள ஒரு குடும்பம் எல்லாம் பணம் தரத் தயாரா இருக்காவ. கும்லா போதகருக்கு வரைவு இன்னும் அனுப்பல. முதல்ல நம்ம பக்கம் முடியட்டும்னு வச்சிருக்கேன்.

#2 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.15

மார்த்தாண்டத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், அதனால பண விஷயம் மட்டும் சொல்றேன்.

மஸ்கட் ஆள் இந்தியக் குடிமகன்தானே? அவரு தன் சம்பாத்தியத்துல மிச்சம் பிடிச்சதை முறையா பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. லண்டன் குடும்பம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தாச்சுன்னா கதையே வேற. கருங்கல்ல பிறந்து வளர்ந்தாலும், இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கிற ஓசிஐ கார்டு கையில இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சபை அதுல ஒரு ரூபாய் தொடக்கூடாது.

பதிவு உள்ள பெரிய அமைப்பு மூலமா வாங்கி கும்லாவுக்குத் திருப்பிவிடலாம்னு யாராவது யோசனை சொல்லுவாவ. 2020 திருத்தத்துக்கு அப்புறம் அதுவும் முடியாது. வாங்கினவன் இன்னொரு அமைப்புக்கு மாத்திவிடக் கூடாது. பணம் டெல்லியில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வந்து இறங்கணும். நிர்வாகச் செலவுக்கு முன்ன 50 சதவீதம் எடுக்கலாம், இப்ப 20தான். "நல்ல காரியத்துக்குத்தானே"ன்னு நோட்டீஸ் அனுப்புற ஆபீசர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

லண்டன் பணத்தை மறந்துருங்க. உள்ளூர்க் காணிக்கையும் மஸ்கட் பணமும் போதும்.

#3 ஆத்துமபாரம் | ஞாயிறு, இரவு 10.31

அண்ணன் வரைவு அருமை! அழிஞ்சுபோற ஆத்துமாக்கள் லட்சக்கணக்குல இருக்கும்போது அதிகமா யோசிக்க வேண்டாம். ஒரே ஒரு திருத்தம்: எண்ணிக்கைக்கு ஒரு இலக்கு வையுங்க. இலக்கு இல்லாத ஊழியம் தேங்கிரும். வயல் விளைஞ்சு நிக்குது.

#4 பனங்கிழங்கு | ஞாயிறு, இரவு 10.50

தலைப்பைப் பார்த்து ஏதோ சொத்துத் தகராறுன்னு உள்ள வந்துட்டேன். பங்காளின்னா நம்ம ஊர்ல வேலியைத் தள்ளிப் போட்டு கேஸ் நடத்துறவன்தானே வோய்? ஆறுமாசம் பேசிக்கிட மாட்டான், சாவுக்கு மட்டும் வருவான். வேற வார்த்தை பாருங்க.

#5 மயிலாடிக் கல் | திங்கள், காலை 6.05

செயலர் தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். உங்கள் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது: "முதல்ல நம்ம பக்கம் முடியட்டும்."

1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார், அன்றைக்குத் தெற்குத் திருவிதாங்கூர் மிஷன் தொடங்கியது என்றுதான் வகுப்பில் 31 வருஷம் நானும் சொல்லிக்கொடுத்தேன். கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. எங்கள் மயிலாடிக்காரர் மகாராசன் சிதம்பரம் வரை யாத்திரை போனவர். தஞ்சாவூரில் கோல்ஹாஃப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு அலைந்தவர் அவர். அழைப்பு இங்கிருந்து போன பிறகுதான் அங்கிருந்து ஆள் வந்தார்.

வந்தவர் யார் என்று பாருங்கள். பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். தமிழ் படித்தது டேனிஷ்காரர்கள் கையிலிருந்த தரங்கம்பாடியில். உள்ளே வர அனுமதி பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே தயவில். இத்தனை கை மாறி வந்த மனிதர் 1809-இல் மயிலாடியில் கோயில் எழும்புவதைப் பார்த்தார். 1816-இல் உடம்பு முடியாமல் போய்விட்டார், பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில் விட்டுவிட்டு. அடுத்த துரை மீட் ஐயர் வந்து சேர ஏறத்தாழ 2 வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் சபைகள் கலைந்து போகவில்லை. அவரிடம் யார் மாச ரிப்போர்ட் கேட்டார்கள்?

உங்கள் வரைவில் கும்லாக்காரர் வேதமாணிக்கம் இல்லை தம்பி. சம்பளக்காரர்.

#6 குளச்சல் அலை | திங்கள், காலை 8.20

நாங்க கத்தோலிக்கர், மிஷன் கமிட்டி எல்லாம் தெரியாது. ஆனா வாங்குற பக்கத்துல இருந்து ஒரு காரியம் சொல்லலாம், ஏன்னா நாங்க வாங்கியிருக்கோம்.

2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் எங்க கடற்கரைக்கு வராத கூட்டம் இல்ல. பத்து நாள்ல ரோட்டோரம் பழைய துணி மலை. அதுல கம்பளி ஸ்வெட்டர் கிடந்துது, குளச்சல்ல! ஒவ்வொரு கூட்டமும் வரும், பேனர் கட்டும், எங்களை வரிசையா நிறுத்தும், போட்டோ பிடிக்கும், போகும். ஒரே அரிசிச் சாக்கை எங்க அம்மை மூணு தடவை வாங்குற மாதிரி நின்னாவ, மூணு கேமராவுக்காக. வள்ளம் தரணும்னு வந்தவங்க வள்ளக்காரங்கிட்ட மட்டும் கேட்டாவ. தலைச்சுமடா மீன் வித்த பொம்பளைங்க கூடையும் போச்சு, முதலும் போச்சு. அவுகள்ட்ட யாரும் கேக்கல. துடுப்பு வலிக்கத் தெரியாதவன் வீட்டு முன்னால ஃபைபர் வள்ளம், கடன் வாங்கி யாவாரம் பண்ணின எங்க பெரியம்மைக்கு ஒண்ணும் இல்ல.

ஒரே ஒரு சின்னக் கூட்டம் வேற மாதிரி. நாலு பேரு, பாதிரியார் வீட்டுத் திண்ணையில படுத்தாவ. மூணு வாரம் ஒண்ணும் தரல. வலை சீர் பண்ணுற இடத்துல உக்காந்து நூலைப் பிடிச்சுத் தந்தாவ, அவ்வளவுதான். என்ன கண்ணி அளவு, எந்த மாசம் எந்த மீனு, ஏலத்துல யாரு கமிஷன் எடுக்கான் எல்லாம் கேட்டாவ. நாலாவது வாரம் பொம்பளைங்க குழுவுக்கு ஐஸ் பெட்டியும் கைமுதலும் குடுத்தாவ. மத்தவங்க பேரு ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. இந்த நாலு பேரு கல்யாணத்துக்கு எல்லாம் நாங்க போயிருக்கோம்.

6 நாள்ல நீங்க என்னத்த பார்த்திருப்பிய அண்ணன்? கோவிச்சுக்காதிய.

#7 ஆத்துமபாரம் | திங்கள், காலை 9.02

//நாலாவது வாரம்//

இது நிவாரணம், ஊழியம் வேற. மூணு வாரம் வலை பின்னிக்கிட்டு இருந்தா சுவிசேஷம் எப்ப சொல்றது? பவுல் தெசலோனிக்கேயில மூணு ஓய்வுநாள்தான் பேசினாரு.

#8 குளச்சல் அலை | திங்கள், காலை 9.10

அதே ஊர்ல அவரு ராவும் பகலும் கையால வேலை செஞ்சு சாப்பிட்டதும் அதே வேதத்துலதான் மக்களே இருக்கு.

#9 கும்லா குமரிக்காரன் | திங்கள், மதியம் 1.45

நான் கருங்கல் பக்கம். இங்க வந்து 17 வருஷம் ஆச்சு. செயலர் அண்ணனுக்கு என்னை இந்தப் பேர்ல தெரியாது. ராஞ்சியில இருந்து உங்களை ஜீப்புல கூட்டிட்டு வந்தது நான்தான் அண்ணா. முன் சீட்டுல உக்காந்து வாந்தி எடுத்தவருக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்தவன்.

தனியா போன்ல சொல்லலாம்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். பொதுவுல சொன்னா மத்த சபைக்காரங்களுக்கும் உதவும்னு எழுதுறேன்.

நீங்க வந்து இறங்கின அன்னைக்கு, மூப்பர் வீட்டு அம்மா காலையில நாலு மணிக்கே எழும்பிட்டாங்க. முந்தின நாள் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து காட்டுல சால் இலை பறிச்சு, மூங்கில் ஈர்க்கு குத்தித் தட்டு தைச்சாங்க. ஒரு தட்டுக்கு அஞ்சாறு இலை. ஓரம் மடக்கி, குழம்பு ஒழுகாம இருக்க அடியில இன்னொரு இலை. ரெண்டு நாட்டுக்கோழி அடிச்சாங்க. அந்த வீட்டுல ரெண்டு கோழின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாம் தயாரா வச்சுட்டு அந்த அம்மா கையில தட்டோட வாசப்படியில நின்னாங்க. நம்ம ஆட்கள் முற்றத்துல பாயை விரிச்சு, கொண்டுவந்த இட்லிப்பொடி, மிக்சர், ஊறுகாய், கேன் தண்ணி எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சாங்க. "வயிறு ஒத்துக்காது, தப்பா நினைக்க வேண்டாம்னு சொல்லிரு தம்பி"ன்னு என்கிட்ட சொன்னாங்க. நான் ஹிந்தியில சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாங்க. தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

யாரையும் குத்தம் சொல்ல எழுதல. நானும் வந்த புதுசுல இதே மாதிரிதான். ஊர்ப் பெரியவர்கிட்ட 'தும்'னு பேசி, எட்டு மாசம் அவரு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டே இருந்தாரு. 'நீ'ன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். ஒருத்தரும் திருத்தல. வெளியூர்க்காரன், பணம் கொண்டு வரவன், எப்படித் திருத்துவாங்க?

இன்னொரு காரியம். இதைப் "புதிய வயல்"னு உங்க கமிட்டி நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க. ராஞ்சிக்கு ஜெர்மனியில இருந்து கோஸ்னர் மிஷன்காரங்க வந்தது 1845. 1850-ல ஒராவோன் மக்கள் நாலு பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரங்களை அரசாங்கம் வெளிய அனுப்பிட்டு. இவங்க வேற மிஷன் வேண்டாம், நாங்களே நடத்துவோம்னு 1919-லயே தன்னாட்சி சபையா அறிவிச்சாங்க. நம்ம தென்னிந்தியத் திருச்சபை உண்டானது 1947. கணக்கு போட்டுப் பாருங்க, யாரு யாருக்கு மூத்தவங்கன்னு. நீங்க பார்த்துட்டு வந்த சபையில மூணாவது தலைமுறை ஞாயிறுதோறும் பாட்டுப் பாடுது. அவங்ககிட்ட போய்ப் "புதுசா எத்தனை பேர்"னு கேக்கப்போறீங்க.

#10 பனங்கிழங்கு | திங்கள், மதியம் 2.03

அந்தத் தட்டு வரிகளை வாசிச்சுட்டு சோறு இறங்கல வோய்.

#11 தக்கலை மருமகள் | திங்கள், மாலை 5.30

நான் ஒடிசாவில 11 வருஷம் இருந்துட்டு வந்தவ. வீட்டுக்காரர் மிஷனரி. நானும் பி.எட். படிச்சவ, ஆனா ரிப்போர்ட்ல நான் "அவருடைய குடும்பம்".

எங்ககூட உள்ளூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. எங்களுக்கு மொழி கத்துத் தந்ததும் அவரு, எந்த வீட்டுல எந்த நாள் போகக்கூடாதுன்னு சொன்னதும் அவரு. என் சின்னவனுக்கு மலேரியா வந்து ராத்திரி 14 கிலோமீட்டர் சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோனதும் அவருதான். சம்பளம்? எங்களுக்கு உள்ளதுல மூணுல ஒரு பங்கு. மாசக் கடிதத்துல அவரு "நம் ஊழியருக்கு உதவியாளர்". ஒரு தடவை நான் அந்த வார்த்தையை அடிச்சுட்டு "உடன் ஊழியர்"னு எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தப்ப திரும்பவும் "உதவியாளர்". தாங்குறவங்களுக்கு அதுதான் புரியுமாம், தலைமை அலுவலகத்துல சொன்னாவ.

நாங்க மாறி வந்த பிறகு அந்த இடத்துக்குப் புதுசா ஆள் போட்டாங்க, நம்ம பக்கத்துல இருந்துதான். மொழி தெரியாத 26 வயசுப் பையன். அவனுக்கும் மொழி கத்துக் குடுத்தது அதே "உதவியாளர்"தான்.

செயலர் அண்ணன், உங்க வரைவுல "உள்ளூர் ஊழியர் ஒருத்தருக்குச் சம்பளம்"னு இருக்கு. அந்தச் சபையில ஏற்கெனவே ஒரு போதகர் இருக்காரு, அவருக்கு அவங்க சபையே நெல்லும் காசுமா குடுக்கும். நீங்க அதைவிடக் கூடுதலா சம்பளம் குடுத்து ஒருத்தரை வச்சா என்ன ஆகும்? ஆறே மாசத்துல ரெண்டு கட்சி ஆகும். ஒருத்தர் ஊராருக்குப் பதில் சொல்லுவாரு, இன்னொருத்தர் இரணியலுக்குப் பதில் சொல்லுவாரு. இதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அந்தக் கோயில் இன்னைக்கும் பூட்டிக் கிடக்கு.

#12 வேளிமலைக்காரன் | திங்கள், இரவு 7.15

நான் குமாரகோயிலுக்குப் போறவன். இந்த இழையில எனக்கு வேலை இல்லைதான், ஆனா ரெண்டு நாளா வாசிக்கிறேன், ஒண்ணு கேக்கட்டுமா?

எங்க தெருவுல பாதிக்குப் பாதி உங்க ஆட்கள். கிறிஸ்துமஸ் கேக்கு வரும், எங்க வீட்டுல இருந்து பொங்கலும் முறுக்கும் போகும். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா தெருவுக்குப் புதுசா ஒரு குழு கையில நோட்டோட வந்து கதவைத் தட்டும்போது, இவங்க நோட்டுல நான் ஒரு எண்ணா இருப்பேனோன்னு தோணும். அந்தத் தோணல் வந்தா கேக்கும் இனிக்காது. கும்லாவுலயும் சர்ச்சுக்குப் போகாத ஒராவோன் சனம் இருக்கும்லா? அவங்களுக்கு உங்க எண்ணிக்கைப் போட்டோ எப்படித் தெரியும்?

#13 கும்லா குமரிக்காரன் | திங்கள், இரவு 8.40

வேளிமலை அண்ணனுக்கு நன்றி. இருக்காங்க, சர்னாங்கிற பழங்குடி வழிபாடு உள்ளவங்க. ஒரே வீட்டுல அண்ணன் சபை, தம்பி சர்னா. நாத்து நடும்போது யாரும் பிரிஞ்சு நட மாட்டாங்க.

போட்டோ பத்தி. ஜார்க்கண்ட்ல 2017-ல இருந்தே மதச் சுதந்திரச் சட்டம் இருக்கு, பேரு அப்படி, கட்டுப்படுத்துறது மதமாற்றத்தை. நீங்க இரணியல்ல உக்காந்து "இந்த மாதம் 9 பேர்"னு படத்தோட போடுற பதிவு இங்க யாரு கையில போய்ச் சேரும்னு உங்களுக்குத் தெரியாது. கேஸ் வந்தா ஸ்டேஷனுக்குப் போறது அந்த மூப்பர், நீங்க இல்ல. போன தடவை மூப்பரோட அம்மாவை, அந்தப் பச்சை குத்தின நெற்றி தெரிய, கிட்டக்க வச்சு எடுத்துப் போட்டிருந்தீங்க. "ஜெபத்தில் தாங்குங்கள்"னு கீழ எழுத்து. அந்தப் பாட்டிக்கு ஒரு கஷ்டமும் இல்ல அண்ணா, அவங்கதான் எங்க ஊர்லயே நல்லா இருக்கிறவங்க.

#14 ஆத்துமபாரம் | திங்கள், இரவு 9.00

எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தை ஆரம்பத்துலயே கிள்ளி எறியுறீங்க. செயலர் அண்ணன் என்ன தப்பு செஞ்சாரு? காணிக்கை தர்றவனுக்குக் கணக்குக் கேக்க உரிமை இல்லையா? கணக்கு கேக்காமக் குடுத்துட்டு, பிறகு அங்க வீடு கட்டிட்டான், கார் வாங்கிட்டான்னு புலம்புறதும் நாமதான். அதையும் பார்த்திருக்கோம்லா?

#15 கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9.25

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. கணக்கு வேணும், விட்டுக்குடுக்காதீங்க. ஆனா ஒருவழிக் கணக்கு கணக்கே இல்ல. செயலர் சார், உங்க சபையோட போன வருஷ வரவு செலவை கும்லாவுக்கு அனுப்பினீங்களா? பந்தல், ஒலிபெருக்கி, பண்டிகை வெடி எல்லாம் சேர்த்து? அவங்களும் பார்க்கட்டும், 15,000 உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு. ரெண்டு சபையும் மத்த சபைக் கணக்கைத் தன் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். பணம் எடுக்க அங்க ரெண்டு கையெழுத்து, அதுல ஒண்ணு பெண்கள் ஐக்கியத்துல இருந்து. எதுக்குச் செலவுங்கிறதை அவங்க சபைக்கூட்டம் முடிவு பண்ணட்டும், மாறினா மாறினதை எழுதட்டும். முக்கியமா, எந்த வருஷத்தோட நிறுத்துவோம்னு முதல் தாள்லயே எழுதுங்க. முடிவு தேதி இல்லாத உதவியை நான் ஆபீஸ்ல நிறைய பார்க்கிறேன். கடைசியில யாரும் நிறுத்தல, அலுத்துப்போய் நின்னுருக்கும்.

#16 மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.40

குறிப்பிட்ட ஒரு மிஷன் அமைப்பின் பேரைச் சொல்லி எழுதின இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

#17 மயிலாடிக் கல் | செவ்வாய், காலை 5.50

பனங்கிழங்கு வேறு வார்த்தை கேட்டிருந்தார். பங்காளி வேண்டாம், சம்பந்தி என்று வைத்துப் பாருங்கள். சம்பந்தம் பேசும்போது இந்த வீட்டார் அங்கே போவார்கள், அந்த வீட்டாரும் இங்கே வருவார்கள். இரண்டு அடுப்பும் பார்க்கப்படும். அங்கே கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும், கமிட்டிகளுக்குத்தான் தெரிவதில்லை.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாகர்கோவிலில் அச்சகமும் பள்ளியும் கண்ட மீட் ஐயர், மனைவி இறந்த பிறகு 1850-களின் தொடக்கத்தில் நம் ஊர்ப் பெண் ஒருவரை மணந்தார். தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அந்த அம்மாள். அதுவரை முப்பது வருஷத்துக்கு மேல் அவரைக் கொண்டாடிய உடன் மிஷனரிகளால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலகினார். படிப்புத் தரலாம், மருந்து தரலாம், சம்பந்தம் மட்டும் கூடாது. வெள்ளைக்காரர்கள் மேல் மட்டும் பழி போட வேண்டாம், ஊரில் நம் ஆட்களும் அப்போது என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 1910-இல் எடின்பரோ மிஷன் மாநாட்டில் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா பேசினார். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்று. இதை எல்லா மிஷன் ஞாயிறிலும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், வெள்ளைக்காரனுக்கு அடி என்று நாமும் ரசித்திருப்போம். ஆனால் பேசியவர் அப்போது தாமே அனுப்பும் பக்கத்து ஆள். 1903-இல் திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசில் தொடங்கிய சங்கத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர். 1909-இல் தமிழை விட்டுத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போயிருந்தார். அந்த வாக்கியம் அவருக்கும் சேர்த்துத்தான்.

#18 பனங்கிழங்கு | செவ்வாய், காலை 7.30

சம்பந்தி கொள்ளாம் சாரே. ஆனா நம்ம ஜில்லாவுல சம்பந்தின்னா அடுத்த கேள்வி "எத்தனை பவுன்?"

#19 குளச்சல் அலை | செவ்வாய், காலை 7.44

:) அதுவும் எழுதி வாங்கிருவாவ.

மொழி விஷயம் பேசினியளே. எங்க சவேரியாரு வந்த காலத்துல துபாசிங்க விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கிக் குடுத்தாவ. பிறகுதான் அவருக்குத் தெரிஞ்சுது, "விசுவசிக்கிறேன்" வரவேண்டிய இடத்துல "வேணும்"னு சொல்லிக் குடுத்துட்டு இருக்காவன்னு. கூட இருந்த மன்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொல்றாரு. அவ்வளவு பெரிய புனிதருக்கே இந்த கதி. மூப்பர் தலையாட்டினாரு, சம்மதிச்சாருன்னு நீங்க எழுதுறது எந்த பாஷையில சம்மதம்?

#20 கும்லா குமரிக்காரன் | செவ்வாய், மதியம் 12.20

சரியான கேள்வி. சந்தையில எல்லாருக்கும் பொது பாஷை சாத்ரி. வீட்டுல குடுக். ஹிந்தி ஆபீசுக்கும் வெளியாட்களுக்கும். நீங்க பேசினது ஹிந்தியில, அதுவும் என் வழியா. மூப்பர் "டீக் ஹை" சொன்னது சம்மதம் இல்ல, மரியாதை.

ஒரு சந்தோஷமான காரியமும் சொல்லட்டும். குடுக் திராவிட மொழிக் குடும்பம். கண்ணுக்கு "ஃகன்". நீங்கிற வார்த்தைக்கு "நீன்". மூணு "மூந்த்", நாலு "நாஃக்". அஞ்சுல இருந்து ஹிந்திப் பக்கத்துல கடன் வாங்கிட்டாங்க. முதல் வருஷம் ஒரு குழந்தை விரல் மடக்கி எண்ணுறதைக் கேட்டு எனக்கு மயிர் சிலிர்த்துட்டு. நாலு வரைக்கும் நாம சொந்தக்காரங்கன்னு அந்த ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். நம்ம குழு ஆறு நாளும் மைக் பிடிச்சுத் தமிழ்க் கோரஸ் பாடினாங்களே, ஒரே ஒரு தடவை விரல் மடக்கி எண்ணியிருந்தா போதும், மொத்த ஊரும் உங்க பின்னால வந்திருக்கும்.

#21 தக்கலை மருமகள் | செவ்வாய், மதியம் 2.10

தம்பி, நீங்க ஒரு பதிவுல இவ்வளவு சொல்லிட்டீங்க, உங்க வீட்டம்மா எங்க? அவங்க அங்க என்ன செய்றாங்கன்னு ஒரு வரி எழுதலாம்லா?

#22 கும்லா குமரிக்காரன் | செவ்வாய், மதியம் 2.35

மாட்டிக்கிட்டேன் அக்கா. அவதான் இங்க 22 பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லித் தர்றா. குடுக்ல என்னைவிட நல்லா பேசுவா. எண்ணுற கதைகூட அவ கேட்டு எனக்குச் சொன்னதுதான்.

#23 இரணியல் செயலர் | புதன், இரவு 10.05

மூணு நாளா எழுதல. வாசிச்சுட்டே இருந்தேன். முதல்ல கோவம் வந்துது, மறைக்கல. சாப்பாட்டு விஷயம் எனக்கு ஞாபகமே இல்லாம இருந்துது. என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். "நீங்க அஞ்சு ஆம்பளைங்களும் போனா அப்படித்தான் நடக்கும்"னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டா.

எங்க பாட்டா நெய்யூர் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தாவ. சோமர்வெல் டாக்டர் எவரெஸ்ட் ஏறப் போய்ட்டு வர்ற வழியில நெய்யூர்ல நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தாரு, லண்டன் வேலையை விட்டுட்டு 25 வருஷம்போல இங்கேயே கிடந்தாருன்னு கதை கதையா சொல்லுவாவ. ஆனா பாட்டா அதிகம் பெருமைப்பட்டது வேற ஒண்ணுக்கு. 1860-கள்லயே லோ டாக்டர் நம்ம ஊர்ப் பையன்களுக்கு மருத்துவ வகுப்பு தொடங்கினாரு, அதுல படிச்ச வழியில வந்தவங்க நாங்கன்னு. நான் எழுதின வரைவுல வகுப்பும் இல்ல, கிடக்கிறதும் இல்ல. கல்வெட்டு மட்டும் இருந்துது.

இன்னைக்குச் சாயங்காலம் கும்லா தம்பியை வச்சு மூப்பர்கிட்டயும் அவரு வீட்டம்மாகிட்டயும் ஸ்பீக்கர்ல பேசினோம். முதல்ல சாப்பாட்டுக்கு மன்னிப்பு கேட்டேன். அந்த அம்மா ஏதோ சொன்னாங்க, தம்பி மொழிபெயர்த்தாரு: "கோழியை நாங்களே தின்னோம், நல்லா இருந்துது."

பிறகு, வரைவை விட்டுட்டு, உங்களுக்கு எங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டேன். ரொம்ப நேரம் அவங்களுக்குள்ள குடுக்ல பேசினாங்க. கோயில் வேண்டாமாம், இருக்கிறது போதுமாம், ஓடு மட்டும் மாத்தணும், அதை அவங்களே செய்வாங்களாம். ஜூலையில நாத்து நடும்போது ரெண்டு பேரை அனுப்பி ஒரு மாசம் இருக்கச் சொன்னாங்க, போதகர் வேண்டாம், வயல் தெரிஞ்சவங்க. அவங்க சபையில மூணு பெண்பிள்ளைங்க பிளஸ் டூ முடிச்சிருக்கு, நர்சிங் படிக்கணும். நாகர்கோவில்ல எங்க சேர்க்கலாம், தமிழ் தெரியாம சமாளிக்க முடியுமா, யாரு வீட்டுல தங்கும்னு கேட்டாங்க. அதுக்கு எங்ககிட்ட உடனே பதில் இல்ல. கடைசியா, அவங்க ஆட்கள் நாலு பேருக்குக் கடல் பார்க்கணுமாம்.

கமிட்டியில ஒப்பந்தத்தைத் தள்ளி வச்சாச்சு. ரெண்டு பேர் கோவிச்சுட்டுப் போயிட்டாவ. கல்வெட்டுக்கு ஏற்கெனவே மயிலாடியில அட்வான்ஸ் குடுத்த ஆள் ஒருத்தர்.

#24 ஆத்துமபாரம் | புதன், இரவு 10.30

எனக்கு இன்னும் முழுசா ஒப்புதல் இல்ல. ஆனா ஜூலைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன். எங்களுக்கு பூதப்பாண்டி பக்கம் வயல் உண்டு. நாத்துப் பறிக்கவும் நடவும் தெரியும்.

#25 கும்லா குமரிக்காரன் | புதன், இரவு 10.41

வா தம்பி. அட்டை பூச்சிக்கு உப்பு கொண்டு வா.

#26 மயிலாடிக் கல் | வியாழன், காலை 5.40

அந்தக் கல் யாருடைய பட்டறையில் என்று சொன்னால் பேசிப் பார்க்கிறேன். எழுத்து வெட்டவில்லை என்றால் அம்மிக்கல் ஆக்கித் தருவார்கள்.

#27 தக்கலை மருமகள் | வியாழன், காலை 9.15

பிள்ளைங்க விஷயமா எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க அண்ணன். எங்க வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. ஒருத்தியை நான் வச்சுக்கிடுவேன், தமிழும் சொல்லிக் குடுப்பேன். மூணு பேரும் ஒரே வீட்டுல வேண்டாம், ஒண்ணா இருந்தா தமிழ் வராது. சரி, நாலு பேர் எப்ப வர்றாங்க?

#28 இரணியல் செயலர் | வியாழன், இரவு 8.50

எங்க கோயில் அசனத்துக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு) வரச் சொல்லியிருக்கோம். தன்பாத்–ஆலப்புழை வண்டி ராஞ்சி வழியா வருது, எர்ணாகுளத்துல இறங்கினா நாங்க போய்க் கூட்டிட்டு வருவோம். அசனத்துல சோறு, பருப்பு, சாம்பார், அவியல், பாயசம். இவ்வளவு தேங்காய் அவங்களுக்கு ஒத்துக்குமா, காரம் குறைக்கணுமா தம்பி?

#29 கும்லா குமரிக்காரன் | வியாழன், இரவு 9.20

ஒண்ணும் குறைக்க வேண்டாம். பழகிக்கிடுவாங்க, இல்லன்னா சொல்லுவாங்க. கைகழுவ ஒரு இடம், உக்கார எல்லாருக்கும் உள்ள அதே பந்தி. மேடையில நாற்காலி போட்டு மாலை போட்டுராதீங்க.

இன்னொண்ணு, அந்த அம்மா 300 சால் இலைத் தட்டு தைச்சுக் கட்டிக் கொண்டு வரப்போறாங்களாம். வேண்டாம், இங்க வாழையிலை இருக்குன்னு யாரும் சொல்லிராதீங்க.

#30 இரணியல் செயலர் | வியாழன், இரவு 9.26

சொல்லல. வாழையிலைக்காரர்ட்ட 300 குறைச்சுச் சொல்லியாச்சு.